தங்கவயலை யார் கட்டினார்கள்?

கோலார் தங்கவயலைப் பற்றி யார் எழுதினாலும், யார் காணொளி போட்டாலும் ஒரே பல்லவிதான். வெள்ளைக்காரன் வந்தான், தங்கத்தைக் கண்டுபிடித்தான், சுரங்கம் தோண்டினான், ரயில் விட்டான், கரண்ட் இழுத்தான், ஊர் உருவாயிற்று. ‘குட்டி இங்கிலாந்து’ என்று பட்டப்பெயர் வேறு. இந்தக் கதையில் துரைமார் இருக்கிறார்கள், அவர்களுடைய கிளப் இருக்கிறது, கோல்ஃப் மைதானம் இருக்கிறது, பங்களா இருக்கிறது. பூமிக்குள் இறங்கியவன் மட்டும் இல்லை. இருந்தாலும் ‘கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் மூட்டைகட்டி ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். 2018இல் வந்த கன்னடப் படம் அந்தச் சொல்லையும் கெடுத்தது. அதில் தங்கவயல் மக்கள் என்றால் வாய்பேசாத அடிமைக் கூட்டம். யாரோ ஒரு தாடிக்காரக் கதாநாயகன் சம்மட்டியோடு வந்து மீட்கும்வரை காத்துக் கிடப்பார்களாம். அந்தப் படத்தின் வசனத்தை எங்கள் பிள்ளைகளும் செல்போனில் ரிங்டோனாக வைத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேரின் பாட்டனுக்குப் பாட்டன் அந்தச் சுரங்கத்தில் இரும்பியே செத்திருப்பான்.

தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு தங்கவயலைப் பற்றி நாங்கள் ஏன் வரிந்துகட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது கர்நாடகம், இது தமிழ்நாடு, நடுவில் கிருஷ்ணகிரி மாவட்டமே இருக்கிறது என்கிறார்கள். இந்த மாவட்டக் கோடெல்லாம் நேற்றுப் போட்டது. 1965 அக்டோபர் 2ஆம் தேதிக்கு முன் தருமபுரி என்று ஒரு மாவட்டமே கிடையாது. எல்லாம் சேலம் ஜில்லா. கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ஆனால் சேலம் ஜில்லாவின் வடக்குத் தாலுகாக்களிலிருந்தும் வடார்க்காட்டிலிருந்தும் சேரி சேரியாகக் கிளம்பி எங்கள் ஆட்கள் மாரிகுப்பத்துக்கும் உரிகத்துக்கும் போனது இந்தக் கோடுகளுக்கெல்லாம் மூத்த சங்கதி. ‘மைன்ஸுக்குப் போனவங்க’ என்று இன்றும் எங்கள் காலனிகளில் குடும்பப் பெயரைப்போலச் சொல்கிறார்கள். எனவே இது எங்கள் வீட்டுக் கணக்கு. கேட்கத்தான் செய்வோம்.

முதலில் அந்தக் ‘கண்டுபிடிப்பை’ எடுத்துக்கொள்வோம்.

1802இல் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட், திப்புவை வீழ்த்திய பிறகு கிடைத்த மைசூர் எல்லையை அளந்துகொண்டு இந்தப் பக்கம் வருகிறார். இங்கே தங்கம் கிடைக்கிறது என்று காதில் விழுகிறது. கொண்டுவந்து காட்டுபவருக்குப் பரிசு என்கிறார். உரிகத்துக்காரர்கள் மண்ணை வண்டியில் அள்ளிவந்து அவர் கண்ணெதிரிலேயே கழுவித் தங்கத்தூளை எடுத்துக் காட்டுகிறார்கள். மாரிகுப்பத்தில் அவர் பார்த்தது இன்னும் முக்கியமானது. அங்கே பறையர்கள் குழிவெட்டி, பூமிக்குள் இறங்கிக் கல்லை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழிக்குள் படிப்படியாக ஆட்கள் நின்று கல்லைக் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள். மேலே பெண்கள் அதைப் பெரிய பாறையில் போட்டு மாவாக இடிக்கிறார்கள். பிறகு கிணற்றங்கரையில் கழுவித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். இது நாங்கள் சாதிப்பெருமைக்காகக் கட்டிவிட்ட கதையல்ல, வாரன் எழுதிவைத்துப்போன குறிப்பு. மைசூர் கெசட்டியர்வரை அது ஏறியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். எந்தக் கல்லில் தங்கம் இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்திருக்கிறது. கல்லின் ஓட்டம் எந்தத் திசையில் சாய்கிறது, குழி எங்கே இடியும், எவ்வளவு நைஸாக இடித்தால் தூள் பிரியும் என்றெல்லாம் தெரிந்திருக்கிறது. இதற்குப் பெயர் தொழில்நுட்பம் இல்லையா? இதையே லண்டனில் படித்தவன் செய்தால் ‘எஞ்சினியர்’, மாரிகுப்பத்துச் சேரிக்காரன் செய்தால் ‘பரம்பரை வழக்கம்’. இடித்து, கழுவி, பிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்களைப் பற்றி எந்த நினைவு மலரில் ஒரு பத்தி இருக்கிறது, காட்டுங்கள்.

வாரன் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுபது ஆண்டு கழித்து லேவெல் வருகிறார். நியூசிலாந்தில் மவோரி மக்களுக்கு எதிரான போரில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்று, பெங்களூர் கண்டோன்மெண்டில் குடியிருந்த அயர்லாந்துக்காரர். பழங்குடியின் நிலத்தைப் பிடுங்கும் போரில் பழகிய கண்ணுக்கு இன்னொரு நிலம் தென்பட்டது. மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார், பணம் போதாமல் வேறு ஆட்களுக்கு மாற்றிக்கொடுத்தார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே நுழைந்தது. முதல் சில வருடம் பங்குதாரர் காசைக் கொட்டித் தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் மைசூர் மைன் பகுதியில் பழைய ஆட்கள் வெட்டிவைத்திருந்த குழிகளைத் தொடர்ந்து கீழே இறங்கியபோதுதான் சாம்பியன் ரீஃப் என்று உலகம் பூராவும் பேசப்பட்ட தங்க ஓட்டம் சிக்கியது. எங்கள் முன்னோர் வெட்டிய குழியே கம்பெனிக்கு வரைபடம். அந்தக் குழிக்கு ராயல்டி எவனாவது கொடுத்தானா?

சரி, கம்பெனிக்கு ஆள் எப்படிக் கிடைத்தது? இங்கேதான் எங்கள் மண் வருகிறது.

1876 தொடங்கி 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் 19.6 லட்சம் பேர். 1881இல் எண்ணிப் பார்த்தால் 16 லட்சத்துக்கும் கீழே. பத்து வருடத்தில் பிறந்தவர்களையெல்லாம் சேர்த்தும் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைகிறது. செத்தவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள், கப்பல் ஏறியவர்கள். இவர்களில் யார் அதிகம் இருந்திருப்பார்கள் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. நிலமில்லாதவன், குதிரில் தானியமில்லாதவன், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமையில்லாதவன் யாரோ அவன்தான் முதலில் சாவான். நிவாரண வேலைக்குப் போனால் ஒரு நாள் முழுக்கக் கல்லுடைத்ததற்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் கூலி என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அரைக்கிலோகூட இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பஞ்சம் வருவதற்குப் பதினைந்து வருடம் முன்பே எங்கள் ஊர் வழியாக ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் ரயில்வேயின் தென்மேற்குப் பாதை 1860களின் தொடக்கத்திலேயே ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி வழியாகச் சேலத்தைத் தொட்டுவிட்டது. ரயில் வந்தால் பஞ்சம் போகும் என்று வாய்கிழியப் பேசுகிறார்களே, அவர்கள் இந்த மூன்றரை லட்சம் பேருக்குப் பதில் சொல்லட்டும். மொரப்பூர் ஸ்டேஷனில் தானிய வண்டி நின்றாலும் வாங்கக் கையில் காசு வேண்டும். படியாளுக்குக் காசு ஏது? அவனுக்குக் கூலியே படியில் அளந்து போடுவது. மழை பொய்த்தால் பண்ணைக்காரன் முதலில் நிறுத்துவது அந்தப் படியைத்தான். தண்டவாளத்தை மட்டும் போட்டுவிட்டு நிலவுடைமையில் கைவைக்காமல் விட்டால், ரயில் சரக்கை விலை அதிகமுள்ள ஊருக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் அதே ரயில் வேறொன்றையும் இழுத்துக்கொண்டு போனது. பஞ்சம் முடிந்து இரண்டு வருடத்தில் டெய்லர் கம்பெனி வருகிறது. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பம்வரை கிளைப்பாதை போடுகிறார்கள். பவுரிங்பேட்டையைத்தான் இன்று பங்காருபேட்டை என்கிறோம். வழி இப்போது தெளிவு. மொரப்பூரில் ஏறு, ஜோலார்பேட்டையில் மாறு, பவுரிங்பேட்டையில் இறங்கி அடுத்த வண்டி ஏறு, மாரிகுப்பம். ஏற்கெனவே போனவன் வந்து மச்சானைக் கூட்டிப்போவான். மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்துப் பத்துப்பேரைக் கூட்டிப்போவான். 1891இல் சுமார் ஏழாயிரம் பேர் இருந்த தங்கவயலில் 1901இல் முப்பத்தெட்டாயிரம் பேர். ஒரு சிற்றூர் பத்தே வருடத்தில் ஐந்து மடங்காகிறது. சுற்றுப்பட்டுக் கன்னட, தெலுங்குக் கிராமத்துச் சாதி விவசாயிகள் பூமிக்குள் இறங்க முன்வரவில்லை. இறங்கியது எங்கள் ஆட்கள். காவலுக்குப் பஞ்சாபிலிருந்து ஆள், மேற்பார்வைக்குக் கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆள், ஆபீசுக்கு ஆங்கிலோ-இந்தியரும் படித்த சாதியாரும். சாம்பியன் ரீஃபின் அடி ஆழத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறை அடுப்பாகக் கொதிக்கும் இடத்தில் சம்மட்டியும் துளைப்பானும் பிடித்தவன் மட்டும் சேரிக்காரன்.

தருமபுரி நகரம் அந்தப் பிரதான பாதையிலிருந்து விலகி இருந்தது. 1906இல்தான் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குட்டி ரயில், இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில். 1913இல் அது பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர்வரை நீண்டது. பஞ்ச நிவாரணப் பாதை என்று சொல்லித்தான் போட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் இரும்பு தேவைப்பட்டதும் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பஞ்சத்துக்காகப் போட்ட பாதை, அடுத்த பஞ்சத்துக்கு (வங்கத்தில் 1943) முன்பாகவே காணாமல் போயிற்று. பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குப் புரிவதில்லை. ஆனால் மாவட்ட வரலாறு எழுதுபவர்கள் இந்தக் குட்டி ரயிலை உருகி உருகி எழுதுகிறார்கள். அந்த மண்மேட்டைக் கூடை கூடையாகச் சுமந்து போட்டது யார் என்று எழுதப் பேனா நகர்வதில்லை.

போன இடம் சொர்க்கமா என்றால் இல்லை. மூங்கில் தட்டியால் சுவர் வைத்த குடிசைகள், வரிசை வரிசையாக. அதனால்தான் ‘லைன்’ என்று பெயர். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் துணியை அவிழ்த்துச் சோதனை. தங்கக்கல் ஒரு துண்டு கையிலிருந்தால் நீ திருடவில்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும். பாறை வெடிப்பில் சிதறியவர் எத்தனை, கல்தூசி நுரையீரலில் படிந்து நாற்பது வயதில் மூச்சு முட்டிச் செத்தவர் எத்தனை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள், அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்கம்பி என்று மார்தட்டுகிறார்கள். சரி. அந்தக் கரண்ட் முதலில் எந்திரத்துக்குப் போயிற்று. தட்டி வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

அப்படியிருந்தும் ஏன் போனார்கள்? ஏன் திரும்பி வரவில்லை? இந்தக் கேள்வியில்தான் எங்களுக்கும் எங்கள் இடதுசாரி நண்பர்கள் சிலருக்கும் தகராறு. ஏகாதிபத்தியச் சுரண்டல், மலிவுக் கூலி, உபரி மதிப்பு என்று அவர்கள் சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் விட்டுவிடுவது ஒன்று. அங்கே கூலி காசாகக் கைக்கு வந்தது. மாதம் முடிந்தால் உன் பெயருக்குச் சம்பளம். உன் மகன் எந்தப் பண்ணைக்காரனுக்கும் பிறப்பிலேயே கடன்பட்டவன் இல்லை. எழவு சொல்லப் போக வேண்டாம், செத்த மாட்டைத் தூக்க வேண்டாம், தப்படிக்க ஊர்க்காரன் கூப்பிடும்போது ஓட வேண்டாம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம். பூமிக்கு மூவாயிரம் மீட்டர் கீழே உயிரைப் பணயம் வைப்பதைவிடப் பூமிக்கு மேலே ஊரும் சேரியுமாக வாழ்வது கொடுமையாக இருந்திருக்கிறது. இதைச் சொன்னால் ‘வெள்ளைக்காரனுக்கு வால்பிடிக்கிறாயா’ என்று தேசபக்தர்கள் பாய்கிறார்கள். இல்லை ஐயா. கம்பெனி எங்களுக்கு விடுதலை கொடுக்க வரவில்லை, தங்கம் எடுக்க வந்தது. உங்கள் கிராமத்திலிருந்து தப்பிக்க எங்கள் பாட்டன் ஒரு வழி தேடினான், அது சுரங்கத்துக்குள் இருந்தது. வெட்கப்பட வேண்டியது யார்?

தப்பித்தவன் சும்மா இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசா தமிழன்’ பத்திரிகையைத் தொடங்குகிறார். அதை வாங்கியும் படித்தும் பணம் அனுப்பியும் தாங்கிப்பிடித்த ஊர்களில் முன்வரிசையில் நிற்பது தங்கவயல். அதே காலத்தில் மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை வருகிறது. பகலெல்லாம் பாதாளத்தில் கல்லுடைத்தவர்கள் மாலையில் கூடிப் புத்த தம்மத்தையும் சாதி எப்படி வந்தது என்பதையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்பேத்கர் பௌத்தம் தழுவியதற்கு ஐம்பது வருடம் முந்தைய கதை இது. 1914இல் பண்டிதர் மறைந்தார். சில காலம் நின்றுபோயிருந்த ‘தமிழன்’ 1926இல் மீண்டும் வந்தபோது சென்னையிலிருந்து வரவில்லை, தங்கவயலிலிருந்து வந்தது, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. பண்டிதர் எழுத்து இன்று பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் மேற்கோள் ஆகிறது. அந்த எழுத்து கரையான் அரிக்காமல் நம் கைக்கு வந்துசேர்ந்ததற்கு லைன் வீட்டுக்காரர்கள் கொடுத்த காலணாவும் அரையணாவும் காரணம். ஊரின் ‘ஆரம்பகால வளர்ச்சி’ என்று எழுதுபவர்கள் கிளப்பையும் சர்ச்சையும் எழுதுகிறார்கள். அச்சுக்கூடத்தை எழுதுவதில்லை.

1930 ஏப்ரலுக்கு வருவோம். தொழிலாளர் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனிகள் உத்தரவு போட்டன. கைரேகை அந்தக் காலத்தில் யாரிடம் எடுத்தார்கள்? குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய மக்களிடம். சங்கம் என்ற ஒன்றுக்குச் சட்டத்தில் இடமில்லாத மைசூர் சமஸ்தானத்தில், அங்கீகரிக்கப்பட்ட தலைவர் ஒருவரும் இல்லாமல், ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்து மூன்று வாரம் உட்கார்ந்தார்கள். கூலி உயர்வு கேட்டுத் தொடங்கிய சண்டையல்ல, ‘நான் திருடனில்லை’ என்று சொல்வதற்காக நடந்த சண்டை. கட்டைவிரலைக் கேட்டவுடன் வெட்டிக் கொடுத்த ஏகலைவன் கதையைத்தான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டைவிரலைத் தரமாட்டேன் என்று மூன்று வாரம் நின்று ஜெயித்தவர்களின் கதையை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. 1946 நவம்பர் 4இல் போலீஸ் சுட்டு ஆறு தொழிலாளர் செத்தார்கள். அதுவும் தொழிற்சங்க வரலாற்றில் ‘வர்க்கப் போராட்டம்’ என்று ஏறியது. செத்தவர்கள் எந்தத் தெருவில் பிறந்தவர்கள் என்ற விவரம் அந்த வரலாற்றுக்குத் தேவைப்படவில்லை.

இதுவரை மற்றவர்களைத் திட்டினோம். இனி எங்களையும் கொஞ்சம் திட்டிக்கொள்ள வேண்டும்.

தங்கவயலைத் ‘தலித்துகளின் தலைநகர்’ என்று எங்கள் மேடைகளில் பேசிக் கைதட்டு வாங்குகிறோம். அந்தத் தலைநகரில் கக்கூஸ் கழுவியது யார்? உலர் கழிப்பறைகளில் கையால் மலம் அள்ளியது தெலுங்கு பேசும் தலித் குடும்பங்கள். மலக்குழி மனிதர்களின் விடுதலைக்காக சஃபாய் கரம்சாரி ஆந்தோலனை உருவாக்கி 2016இல் மகசேசே விருது வாங்கிய பெசவாடா வில்சன் பிறந்தது இதே தங்கவயலில், 1966இல், அப்படியொரு குடும்பத்தில். மூவாயிரம் மீட்டருக்குக் கீழே காற்று அனுப்பத் தெரிந்த நிர்வாகத்துக்கு, தொழிலாளர் குடியிருப்பில் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் கட்டத் தெரியவில்லை. கம்பெனி காலத்தில் மட்டுமல்ல, 1956இல் சுரங்கம் அரசுடைமையான பிறகும், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்று போர்டு மாட்டிய பிறகும், 1993இல் சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும்கூட இது தொடர்ந்தது. அரசின் குற்றம் இருக்கட்டும். பக்கத்து லைனில் இருந்த நம்மவர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் மாலை போட்ட கை, அந்த வாளியைத் தூக்கிய கையோடு சேர்ந்து சாப்பிட்டதா? எங்கள் மாவட்டத்தில் பறையர் தெருவுக்கும் அருந்ததியர் தெருவுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை வைத்துப் பார்த்தால் பதில் சுகமாக இருக்காது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம். மூடியவுடன் பம்ப் நின்றது, சுரங்கமெல்லாம் தண்ணீர் நிரம்பிற்று. மேலே நிற்பது சயனைடு மலைகள். கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய கழிவு மண்மேடுகளை ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். காற்றடித்தால் அந்தத் தூள் லைன் வீட்டுச் சோற்றில் விழுகிறது. விடியற்காலையில் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வண்டி ஏறுகிறார்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கார்மெண்ட்ஸ், கொஞ்சம் பேர் கம்ப்யூட்டர் கம்பெனி. கூலியாட்களை உள்ளே கொண்டுவரப் போட்ட தண்டவாளம் இப்போது கூலியாட்களை வெளியே கொண்டுபோகிறது, இரவில் திருப்பிக் கொண்டுவந்து கொட்டுகிறது.

இந்நிலையில் 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. 13 கழிவு மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். அவற்றைத் திரும்பத் தோண்டி மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஒன்றிய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல். குப்பை என்று கொட்டியதில் இன்னும் தங்கம் இருக்கிறதாம். வேலை கிடைக்கும் என்று தலைவர்கள் பேசுகிறார்கள். எத்தனை வேலை, யாருக்கு வேலை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாங்கள் கேட்பது வேறு. அந்த மேடு ஒவ்வொரு கூடையும் யார் நுரையீரலை விலையாகக் கொடுத்துக் கொட்டியது? அந்தத் தூசியை மூன்று தலைமுறை தின்றவர்கள் யார்? அதிலிருந்து எடுக்கும் தங்கத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா இல்லையா? கூலி வேலை என்ற பிச்சை வேண்டாம், பங்கு. லைன் வீட்டில் நாலு தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு அந்த வீட்டடி நிலம் தயவாக இல்லாமல் உரிமையாக வேண்டும். தோண்டும்போது பறக்கும் தூசிக்கு முதலில் ஏற்பாடு வேண்டும், சிலிகோசிஸ் நோயாளிகளை எண்ணிக் கணக்கெடுத்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

தருமபுரிக்குத் திரும்புவோம். ஊரைவிட்டு வெளியே போய்ச் சம்பாதித்தவன் மீது இந்த மண்ணுக்கு எப்போதும் ஒரு காந்தல் உண்டு. 2012 நவம்பர் 7இல் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளைக் கொளுத்தினார்களே, 250க்கும் மேற்பட்ட வீடுகள், என்னென்ன எரிந்தது என்று நினைவிருக்கிறதா? பீரோ, டூவீலர், டி.வி., பிள்ளைகளின் சர்டிஃபிகேட். பெங்களூரிலும் ஓசூரிலும் கட்டட வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கியவை. குடிசையாக இருந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது, காரை வீடாக இருந்ததுதான் உறுத்தியது. காதல் கல்யாணம் ஒரு சாக்கு. மைன்ஸிலிருந்து லீவில் வந்தவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஊர்த்தெரு வழியாக நடந்தபோது எந்தக் கண் உறுத்தியதோ, நூறு வருடம் கழித்து அதே கண். அடுத்த வருடம் ஜூலை 4இல் இளவரசனின் உடல் தருமபுரி அரசு கலைக்கல்லூரிக்குப் பின்புறம் தண்டவாள ஓரத்தில் கிடந்தது. இந்த மாவட்டத்தில் ரயில் என்றதும் வளர்ச்சி என்று எழுதுகிறவர்களுக்கு, எங்களுக்கு ரயில் என்றதும் வேறு ஒன்றும் ஞாபகத்துக்கு வரும் என்பது தெரியட்டும்.

இப்போது மொரப்பூர்–தருமபுரி பாதையைத் திரும்பப் போடுகிறார்கள். 36 கிலோமீட்டர். 2016-17 ரயில்வே பட்ஜெட்டில் வந்தது, 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், நிலம் எடுப்பதில் இழுத்துக்கொண்டே போகிறது. எந்தக் கட்சி கொண்டுவந்தது என்று இரண்டு கட்சிகள் போஸ்டர் ஒட்டிச் சண்டை போடுகின்றன. நாங்கள் இந்தப் பாதைக்கு எதிரி இல்லை. வரட்டும், எங்கள் பிள்ளைகள்தான் அதில் அதிகம் ஏறப்போகிறவர்கள். ஆனால் எடுக்கப்போகும் நிலத்தில் 1892க்குப் பிறகு எங்கள் மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் இருந்தால், இடையில் சட்டவிரோதமாக வளைத்துப்போட்டவன் கைக்கு இழப்பீடு போகக்கூடாது. நிபந்தனைப்படி அந்த நிலத்தை மற்றவர் வாங்கியதே செல்லாது. அப்படியிருக்க அரசே அவனுக்கு லட்சக்கணக்கில் அளந்து போடுவதா? பண்ணையில் படி அளந்த காலத்தில் நம் கையில் விழுந்தது என்ன என்று தெரியும், இப்போதும் அதே அளவா?

இதற்கான வேலையைத் தொடங்கிவிட்டோம். பாதை போகும் கிராமங்களின் ‘அ’ பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். மொரப்பூர், கம்பைநல்லூர் பக்கத்துத் தோழர்கள், ‘டி.சி. நிலம்’ என்று வீட்டில் பேச்சு இருந்தாலே போதும், கிடைத்த காகிதத்தை நகல் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள். பெட்டியடியில் மைன்ஸ் பாஸ், சம்பளச் சீட்டு, பி.எஃப். அட்டை, லைன் வீட்டு ரசீது, மாரிகுப்பத்தில் எடுத்த பழைய போட்டோ எது இருந்தாலும் அதையும் எடுத்து வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். அவர்கள் சொல்வதை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.